ஆடிக் கிருத்திகைக்கு நாடு முழுக்க லீவு

மாயாபந்தர், அந்தமான்.

அன்புக்கும் ஆசிக்கும் உரிய மருமகன் ஸ்ரீதருக்கு மாமா செந்தமிழன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை செல்லமும் மழையோடு மழையாக நலம். டெல்லி வெயிலில் நீயும் நலமாக இருக்க முருகன் துணை. தேசிய விஷயம் என்பதால் வாட்ஸப்பில் போடாமல் தபாலில் எழுதுகிறேன்.

ஆடிக் கிருத்திகையை நாடு முழுமைக்கும் அரசு விடுமுறையாக அறிவிக்க வைக்க வேண்டும். லீவு விடுகிற கட்டிடத்தில்தானே நீ ஏ.சி. ரிப்பேர் பார்க்கிறாய். பெரிய ஆபீசர் அறை நன்றாகக் குளிர்ந்ததும் பக்குவமாகச் சொல்லு, மறுக்க மாட்டார்.

எதிர் வீட்டு ஜம்புலிங்கம், சர்க்கார் கிளார்க், உனக்குத் தெரியும். வருஷா வருஷம் லீவு போட்டுவிட்டுக் காவடி தூக்குகிறான். தூக்கட்டும், எனக்கென்ன பொறாமை. ஆனால் கோயில் செக்ரட்டரி மைக்கைப் பிடித்து, "நம்ம ஜம்புலிங்கம் சார் லீவையெல்லாம் முருகனுக்குன்னே சேத்து வச்சிருக்காரு, அவரு காவடி முன்னாடி போகட்டும்" என்கிறார், ஜனம் கை தட்டுகிறது, அவன் ஆபீசரே வந்து அவனுக்குக் குடை பிடிக்கிறார், நான் ஹார்டுவேர் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு அவனுடையதைவிட ஒரு முழம் உயரமான காவடியோடு பின்னால் நனைந்துகொண்டு போகிறேன். இத்தனைக்கும் போன வருஷம் கப்பல் நிற்கிற ஜெட்டி பக்கம் நான் திரும்பியதும் கப்பலே ஹாரன் அடித்து என் காவடியைக் கும்பிட்டது. "அது கெளம்புற ஹாரனுங்க" என்கிறாள் உன் அத்தை. செக்ரட்டரியிடமே போய், "நானுந்தான் கடைய பந்த் பண்ணிட்டு வர்றேன், அதையும் மைக்ல சொல்லுங்க" என்றேன். "அரே பாய், தெறந்திருந்தா மட்டும் யாரு வர்றா" என்று சிரிக்கிறார்.

அப்போதுதான் யோசித்தேன். தேசத்துக்கே லீவு என்றால் ஜம்புலிங்கம் எந்த லீவைப் போடுவான்? எல்லோரையும்போல் சும்மா வந்தவன் ஆகிவிடுவான். அப்புறம் காவடியின் உயரம்தான் பேசும். காஷ்மீர்க்காரனுக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைத்த புண்ணியம் உனக்கு.

கை நிறைய வேலையும் மனசுக்குப் பிடித்த பெண்ணும் அமைய எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமா செந்தமிழன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் ஜம்புலிங்கமே கடைக்கு வந்தான். "அண்ணே, புதுசா வந்த ஆபீசர் சாப் இந்த வருஷம் லீவே கெடையாதுன்னுட்டாரு. நீங்கதான் முன்னாடி போகணும், செக்ரட்டரிகிட்டயும் சொல்லிட்டேன்" என்று கண் கலங்கினான். நானும் கலங்கிக் காட்டினேன். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. ஆடிக் கிருத்திகையன்று நாட்டில் ஒரு ஆபீசும் மூடக் கூடாது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடாமலும் பார்த்துக்கொள்.