பேரிகையில் முப்பத்து நான்கு பயனாளிகள்

"அக்கா, ஒரு மணி நேரம். சும்மா வந்து உட்கார்ந்துட்டுப் போனாப் போதும்" என்றான் ஹரீஷ்குமார்.

"கம்பெனி கேட்டுல நிக்கறேன் தம்பி. போனை லாக்கர்ல வைக்கச் சொல்றாங்க. வைக்கட்டா?" என்றாள் மணிமேகலை. பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

அது அவன் போட்ட இருபத்தோராவது போன். மணி ஒன்பது.

ஓசூர் பக்கத்துப் பேரிகையில் பெண்களுக்கு சால்டரிங், அதாவது சர்க்யூட் போர்டில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் வேலை, கற்றுத்தரும் மையம் அது. செலவு ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துடையது. நடத்துவது உள்ளூர் அறக்கட்டளை. அறக்கட்டளைக்கு ஆபீஸர், வாத்தியார், வாட்ச்மேன் மூன்றும் ஹரீஷ்குமார்தான். வெளிநாட்டிலிருந்து ஹன்னா என்ற அம்மையார் பதினோரு மணிக்கு வருகிறார் என்று நேற்று மாலைதான் தகவல் வந்தது. மையத்தை நீட்டிப்பதா, மூடுவதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்வாராம்.

பார்ப்பதற்கு மையத்தில் ஓர் ஆள் இல்லை. மூன்று வருடத்தில் படித்து முடித்த நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் ஓசூர் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் ஷிப்டில் இருந்தார்கள். நீட்டிப்பு வராமல் புது ஆள் சேர்க்க முடியாது.

ராயக்கோட்டையில் இப்படித்தான் ஒரு மாலை வகுப்பு நடந்தது. பார்வையிட வந்தவர் காலி பெஞ்சுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அடுத்த மாதமே பூட்டு. ஹரீஷ்குமார் அதை மறக்கவில்லை. மனைவி பிரியா இறந்த பிறகு, காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு போக அவனுக்கு இருந்தது இந்த ஓர் இடம்தான்.

நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்களைக் கூப்பிடலாமே என்று தோன்றியது. ரஞ்சிதா வீட்டில் மாமியார் எடுத்தார்.

"இப்பத்தான் படுத்தாப்பா. எழுப்பினா ஊரே தாங்காது."

"பத்து நிமிஷம்தாம்மா."

"அப்ப நீயே வந்து எழுப்பு. நான் ரோட்ல போய் நின்னுக்கறேன்."

வேறு வழியில்லாமல் முனிராஜுக்குப் போன் அடித்தான். தோட்டங்களுக்குத் தக்காளி பறிக்க ஆள் ஏற்றிப்போகும் மேஸ்திரி.

"எத்தனை பேர் வேணும்?"

"பொம்பளைங்க இருபது பேர். ஒரு மணி நேரம் உட்காரணும், அவ்வளவுதாண்ணா."

"கூட்டமா? கொடி நம்மதா, உங்கதா?"

"கொடியெல்லாம் இல்லண்ணா."

"கொடி இல்லாத கட்சியா? புதுசா ஆரம்பிச்சிருக்காங்களா?"

பத்தரைக்கு இரண்டு குட்டி யானை வண்டிகள் வந்து நின்றன. இறங்கியவர்கள் முப்பத்து நான்கு பேர்.

"இருபதுதானே சொன்னேன்?"

"உட்கார்ற வேலைன்னு சொல்லிட்டேன் சார். மிச்சவங்களும் ஏறிட்டாங்க. எறக்கி விட்டா நாளைக்கு எனக்குத் தக்காளி யாரு பறிப்பா?"

நாற்காலிகள் இருபத்தைந்து. மற்றவர்கள் சால்டரிங் மேசை மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

"எவ்வளவு நாளா வர்றீங்கன்னு கேட்டா, மூணு வருஷம்னு சொல்லுங்க" என்று ஹரீஷ்குமார் சொல்லிக் கொடுத்தான். "வேற எது கேட்டாலும் சிரிங்க. மீதியை நான் இங்கிலீஷ்ல பாத்துக்கறேன்."

"சாப்பாடு எப்ப சார்?" என்றாள் முன்வரிசை வெங்கடம்மா.

"அப்புறம். இப்ப சிரிங்க."

"சாப்பாடு இல்லாம எப்படி சார் சிரிக்கறது?"

பெங்களூர் ரோட்டில் ஜூஜுவாடி நெரிசலைத் தாண்டிக் கார் வந்து சேர்ந்தது. ஏர்போர்ட்டிலிருந்து ஓட்டி வந்த மாதேஷ் கதவைத் திறந்துவிட்டான். ஹன்னா இறங்கினார். கூடவே இன்னொரு பெண்ணும் இறங்கினாள்.

"நான் அனுப்ரியா. பெங்களூர்ல வேலை. மேடத்துக்கு மொழிபெயர்க்கத் தன்னார்வலரா வந்திருக்கேன். அம்மாவுக்கு சூளகிரி பக்கம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் வரும்."

ஹரீஷ்குமார் தயார் செய்து வைத்திருந்த இங்கிலீஷுக்கு இனி வேலை இல்லை.

ஹன்னா வாசலிலேயே நின்று கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. மலைத்துப்போய்விட்டார் என்று ஹரீஷ்குமார் நினைத்தான். அதற்குள் பழக்கதோஷத்தில் யாரோ கையைத் தூக்க, முப்பத்து நான்கு பேரும் "வாழ்க!" என்றார்கள்.

அனுப்ரியா தெலுங்கில் ஆரம்பித்தாள். "எவ்வளவு நாளா இங்க வர்றீங்கம்மா?"

"மூணு வருஷம்" என்றாள் வெங்கடம்மா.

"நீங்க?"

"மூணு வருஷம்."

பின்வரிசையில் இடுப்பில் குழந்தையோடு நின்றவள் தானாகவே முன்வந்தாள். "எனக்கும் மூணு வருஷம், இவனுக்கும் மூணு வருஷம்." குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

"இங்க வர்றதுக்கு முன்னாடி என்ன வேலை செஞ்சீங்க?"

"தக்காளி பறிச்சோம்."

"இப்ப?"

வெங்கடம்மா ஹரீஷ்குமாரைப் பார்த்தாள். அவன் சிரிக்கும்படி சைகை காட்டினான்.

"தக்காளி பறிக்கறோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஹன்னா நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, சால்டரிங் செய்து காட்டச் சொன்னார்.

ஹரீஷ்குமார் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்பக்கம் போய் மெயின் சுவிட்சை இறக்கினான். திரும்பி வந்து, "கரண்ட் போயிடுச்சு மேடம். இங்க போனா சாயங்காலம்தான் வரும்" என்றான்.

சொல்லி வாய் மூடவில்லை, மின்விசிறி சுற்றியது. பக்கத்து மாவு மில்காரர் கதவில் தலையை நீட்டினார்.

"சார், உங்க மெயின் எறங்கிக் கெடந்துச்சு. ஏத்தி விட்டுட்டேன். இனிமே எறங்காது, கம்பி போட்டுக் கட்டியும் விட்டுட்டேன்."

மில்காரருக்கு ஹன்னாவே நன்றி சொன்னார்.

வெங்கடம்மா கையில் சால்டரிங் அயர்ன் வந்தது. அவள் அதைக் கரண்டி மாதிரி பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் புகை வந்தது, ஹன்னாவின் நோட்டு ஓரத்திலிருந்து.

"பரவால்லயே, நல்லா எரியுது" என்றாள் வெங்கடம்மா.

ஹன்னா நோட்டை ஊதி அணைத்துவிட்டு, "மூன்று வருடமாகவா?" என்று ஹரீஷ்குமாரிடம் கேட்டார்.

"கத்துக்கறது கொஞ்சம் மெதுவா மேடம்" என்றான். ஏதாவது நல்லதாகச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. "ஆனா ஒரு நாள் தவற மாட்டாங்க. இந்த மையத்தை விட்டு வேற எங்கயும் போகவே மாட்டாங்க."

ஹன்னா அதையும் எழுதிக்கொண்டார். கூட்டத்தை ஒரு போட்டோ எடுத்தார். கைகொடுத்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்தார். அனுப்ரியாவும் தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள்.

ஹரீஷ்குமாருக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இருந்தாலும் போட்டோவில் காலி நாற்காலி ஒன்றுகூட இல்லை. டிக்கியில் பையை வைத்துக்கொண்டிருந்த மாதேஷிடம் மெல்லப் போனான்.

"என்னப்பா, மேடம் ஒண்ணுமே சொல்லலியே? ஹால் நெறஞ்சுதானே இருந்துச்சு?"

மாதேஷ் டிக்கியைச் சாத்தினான். "அதான் சார் எனக்கும் புரியல. இங்க படிச்சவங்கெல்லாம் வேலைக்குப் போயிட்டாங்கன்னு நீங்க ரிப்போர்ட்ல எழுதினது நெசம்னா இந்நேரத்துக்கு உள்ள ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, ஹால் காலியா இருந்தா இன்னும் மூணு வருஷம் நடத்தச் சொல்லிடலாம்னு மேடமும் அந்தப் பொண்ணும் வழி பூரா பேசிட்டு வந்தாங்க."