அட்டிக்கில் கண்ட துரு

லீக் சிட்டி, டெக்சஸ்
ஞாயிறு மாலை

சன்னிவேலில் இருக்கும் மாமாவுக்கு மாளவிகாவின் நமஸ்காரங்கள். இங்கே நாங்கள் மூவரும் நலம். வீட்டுக்குத்தான் உடம்பு சரியில்லை. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதப்போகிறேன். படித்ததும் நீங்கள் அப்பாவுக்கு போன் செய்து, வீட்டை விற்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு புயலைத் தாங்குமா என்று பார்க்க வியாழக்கிழமை ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் சரி என்றால்தான் இன்ஷூரன்ஸைப் புதுப்பிப்பார்களாம். இல்லையென்றால் விற்றுவிட்டு, கடல் காற்று எட்டாத ரிச்சர்ட்சனில் அபார்ட்மென்ட்டுக்குப் போய்விடலாம் என்கிறார் அப்பா. அபார்ட்மென்ட்டில் கூரைக்கு அடியில் இப்படிப் பரண்போல ஓர் அட்டிக் கிடையாது, மாமா. நான் படிப்பதெல்லாம் அங்கேதான். கவிழ்த்துவைத்த கப்பலுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். கடல் பக்கமிருந்து காற்று வந்தால் கூரை மெல்ல முனகும், கிளம்பிப் போய்விடலாமா என்று யோசிப்பதுபோல.

கூரையைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை தகரப் பட்டைகள் என்று இன்ஸ்பெக்டர் எனக்கு விளக்கினார், நான்தான் அவருக்கு டார்ச் பிடித்தேன், ஒவ்வொரு பட்டையும் சுவரிலிருந்து ஏறிக் கூரைச் சட்டத்தின் தலைக்குமேல் வளைந்து மறுபக்கம் இறங்க வேண்டுமாம், இந்தப் பக்கம் இரண்டு ஆணி, அந்தப் பக்கம் ஒரு ஆணியாவது வேண்டுமாம், மூன்றில் ஒன்று குறைந்தாலும் கணக்கில் வராதாம். "இரண்டு, ஒன்று... இரண்டு, ஒன்று..." என்று அவர் எண்ணியது தாலாட்டுப்போல இருந்தது, எனக்குக் கண் சொருகியது, திடீரென்று எண்ணுவதை நிறுத்திவிட்டார். ஓரமாக இருந்த பதினொரு பட்டைகளில் சிவப்பாகத் திட்டுத்திட்டாக ஏதோ படிந்திருந்தது. அவ்வளவு ஓரத்துக்கு என்னைப்போல ஒல்லியானவர்கள்தான் ஊர்ந்து போக முடியும், அதனால் அவர் தூரத்திலிருந்தே போட்டோ எடுத்து, 'கடுமையான துரு, ஆணிகள் தெரியவில்லை' என்று குறித்துக்கொண்டார்.

அப்பா ஏணியில் நின்றபடியே கத்தினார். "வீடு கட்டி நாலு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள துருவா? அந்த பில்டரை சும்மா விடமாட்டேன்!"

"முதல்ல கீழ இறங்குங்கோ. விழுந்து வெச்சா அதுக்கு வேற க்ளெய்ம் பண்ணணும்" என்றார் அம்மா.

"ஷ்யாமளா, இது ஸீரியஸ் மேட்டர்."

"நானும் ஸீரியஸாத்தான் சொல்றேன். நீங்க மிதிச்சுண்டு நிக்கறது ஏணியில நான் காயப்போட்ட புடவையை."

அன்றே அப்பா பில்டருக்கு நான்கு பக்க மெயில் அனுப்பினார். 'மோசடி' என்ற பொருளில் மட்டும் ஆறு இங்கிலீஷ் வார்த்தைகள். நேற்று வீடு விற்கும் ஏஜென்ட் ஆன்ட்டி வந்து, என் புத்தகங்களைப் பார்த்து, இதையெல்லாம் பெட்டியில் கட்டிவிடு என்றார். ஆகவே உடனே போன் செய்யுங்கள். மாமிக்கு என் அன்பு. உங்கள் கூரை நிலைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மாளவிகா

பின்குறிப்பு: குறைக்காமல் எழுதுவதாகச் சொன்னேன். ஒன்று குறைகிறது. போன மாதம் ஆயுத பூஜையன்று அம்மா சந்தனமும் குங்குமமும் குழைத்துக் கொடுத்து, "நமக்கு உழைக்கற இரும்புக்கெல்லாம் பொட்டு வை" என்றார். கார், மிக்ஸி, லேப்டாப்புக்கெல்லாம் வைத்த பிறகும் கிண்ணத்தில் மீதி இருந்தது. ஓய்வே இல்லாமல் வீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவற்றை விட்டுவிடலாமா, மாமா? பதினொன்றாவது பட்டையோடு குங்குமம் தீர்ந்துபோயிற்று.

இதை அட்டிக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். சற்றுமுன் பதினொன்றையும் ஈரத்துணியால் துடைத்தேன், அடியில் ஆணிகள் புதிதுபோல மின்னின. பின்னாலேயே ஏறிவந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாலு பக்கம் அனுப்பிட்டேனேடி" என்றார். பிறகு என் பக்கத்தில் படுத்து, தூரத்திலிருந்தே டார்ச் அடித்து, "ரெண்டு, ஒண்ணு... ரெண்டு, ஒண்ணு..." என்று பதினொன்றையும் எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தது. "இன்ஸ்பெக்டர் திரும்ப வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் மறுபடி பொட்டு வை" என்றார். எண்ணி முடித்தவர் அப்படியே தூங்கிவிட்டார். டார்ச்சும் அவருக்கு அடியில் போய்விட்டது.

ஆகவே போன் வேண்டாம். மேலே யாருமில்லை என்று நினைத்து அம்மா இப்போது கீழேயிருந்தே அட்டிக் விளக்கை அணைத்துவிட்டார்.