சந்தனப் பொட்டு வைத்த எட்டுப் பெட்டிகள்

பொருளைத் தொலைப்பவர்களைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. தேடுவார்கள், அழுவார்கள், மறந்துவிடுவார்கள். இங்கே சொல்ல வந்தது வேறொரு இனம்: பத்திரப்படுத்துபவர்கள். இவர்கள் கையில் கொடுத்த பொருள் தொலையவே தொலையாது. கிடைக்கவும் கிடைக்காது.

பாச்சாங்கில் குடியிருக்கும் திவாகரைப் பாருங்கள். தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கூடத்து மூலையில் நிறுத்தி, 'சர்வர்' என்று பெயரும் சூட்டியிருந்தார். சர்வர் என்றால் என்ன? மற்ற வீடுகளில் அலமாரி செய்கிற வேலையைக் கரண்டு செலவழித்துச் செய்வது. அதன் வயிறு நிறைந்ததும் வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டியை மாட்டினார். அது நிறைந்ததும் அதன் முதுகில் இன்னொன்று, அதன் முதுகில் மற்றொன்று என்று ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி எட்டுப் பெட்டிகள், எட்டுக்கும் தனித்தனி வயர்களோடு, மீன்தொட்டியைச் சுற்றிக்கொண்டு தேவமலரின் தையல் மெஷின் வரை வந்துவிட்டன. சோறு வேக வேண்டுமானால் ஒரு பெட்டியைப் பிடுங்க வேண்டும். பிளக் போதவில்லை.

"போன தடவையும் இதுதான் கடைசின்னீங்க," என்பார் மனைவி தேவமலர்.

"இதுதான்லா கடைசி. மத்ததெல்லாம் இதுக்கு முந்துனது."

உள்ளே என்னதான் இருந்தது? மச்சினன் கல்யாணப் பத்திரிகை. அதன் நகல். அந்தப் பெட்டி கெட்டுப்போனால்? நகலின் நகல். யார் ஃப்ளாப்பி கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வார். "கவலப்படாதீங்கலா, என்கிட்ட பத்திரமா இருக்கும்."

அப்படித்தான் பவானேஸ்வரியின் ஆய்வேடும் உள்ளே போனது. ரெம்பியா தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகப் படியேறிய முதல் பெண். திவாகருக்கு மருமகள் முறை. செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீரைப் பற்றி ஐந்து அத்தியாயங்கள், விடுமுறை முழுக்க மாமா வீட்டில் உட்கார்ந்து தட்டியவை. நாளைக் காலை ஒப்படைத்தால்தான் பட்டம். தன்னிடமிருந்த ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடித்துவிட்டதைப் பார்த்ததும் பஸ் ஏறி ஓடிவந்தாள்.

வந்த நாள் ஆயுத பூஜை.

எட்டுப் பெட்டிகளும் கழற்றித் துடைக்கப்பட்டு, வாழையிலையில் உயர வரிசைப்படி கொலுவிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் திருநீற்றுப் பட்டை, அதன்மேல் ரிங்கிட் காசு அளவுக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"மாமா, என் தீசிஸ் எந்தப் பெட்டியில?"

"பத்திரமா இருக்கும்மா. நாளைக்குப் பூஜை போட்டுத்தான் எடுக்கணும். கொஞ்சம் சபார்லா, பொறுத்துக்க."

"நாளைக்கு எடுத்தா நான் அடுத்த வருசந்தான் பாஸ் பண்ணுவேன்!"

"சாமி குத்தமாயிடும்..."

"புள்ள வயித்தெரிச்சல் மட்டும் ஆகாதா?" என்றார் தேவமலர். அதற்குப் பிறகு சாமி ஒன்றும் சொல்லவில்லை.

"சந்தனத்துக்குக் கீழே லேபல் ஒட்டியிருக்கேன்மா, எல்லாம் சிஸ்டம்," என்று பெருமையோடு சுரண்டினார் திவாகர். முதல் பெட்டியில் 'முக்கியம்' என்று எழுதியிருந்தது. இரண்டாவதில் 'முக்கியம்'. எட்டாவதில் 'மிக முக்கியம்'.

ஒவ்வொன்றாக மாட்டித் திறந்தார்கள். ஆய்வேடு இருந்தது, ஒரு பெட்டியில் அல்ல, எட்டிலும் இருந்தது! திவாகரின் முகத்தில் வெளிச்சம். "பாத்தியாம்மா?"

பவானேஸ்வரி பார்த்தாள். எட்டிலும் நாலு அத்தியாயம்தான். எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று, போன வாரம் அவர் பழைய நகலை எடுத்துப் புதியதன் மேலேயே ஏற்றியிருந்தார். ஐந்தாவது அத்தியாயமான முடிவுரையை எட்டு இடத்திலும் பத்திரமாக அழித்திருந்தார்.

திவாகர் எட்டுப் பெட்டிகளையும் விரலால் ஒருமுறை எண்ணினார். மெதுவாகச் சொன்னார்: "இன்னொரு பெட்டி இருந்திருந்தா..."

"மாமா, எல்லாப் பெட்டியையும் கழட்டுங்க."

"எதுக்கும்மா?"

"எழுதுனவ நான்தானே? கம்ப்யூட்டர் மட்டும் போதும்."

வெறும் கம்ப்யூட்டரில் நாலு அத்தியாயத்தை ஏற்றிக்கொண்டு, முடிவுரையைப் புதிதாகத் தட்ட ஆரம்பித்தாள். திவாகர் ஏதோ சொல்ல வரும்போதெல்லாம் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். பிளக்குகள் காலியானதில் ரைஸ் குக்கருக்கு அன்றுதான் விடுதலை. சோறு வெந்து சுண்டலும் வெந்தது. அந்தி சாயுமுன் முடித்து, புது ஃப்ளாப்பியில் ஏற்றி, மாமா "அதோட ஒரு காப்பி..." என்று கை நீட்டுவதற்குள் பஸ் ஸ்டாப்பில் இருந்தாள்.

பட்டம் வாங்கிவிட்டாள். திவாகரும் கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "அந்தப் புள்ள தீசிஸ் என்கிட்டதான்லா பத்திரமா இருந்துச்சு." ஒன்பதாவது பெட்டி வந்துவிட்டது. லேபலும் ஒட்டியாகிவிட்டது. என்ன எழுதியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இருந்த இடத்தை விட்டு எழாமல், வீட்டுக்காரியைக் கூப்பிடாமல், ஒன்று சொல்லுங்கள்: உங்கள் பிறப்புப் பத்திரம் இப்போது எங்கே இருக்கிறது?

பத்திரமாகத்தான் இருக்கிறது என்கிறீர்களா? அந்தப் பதிலைத்தான் கேட்க நினைத்தேன்.