ஐஸ் பெட்டி வாசித்த செய்தி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்று, சொல்வதற்குப் பாவம் கிடைக்காமல் தவித்தவள் நான். "மாமியாரிடம் கோபப்பட்டேன் சாமி" என்று மாதாமாதம் ஒரே பாவத்தைச் சொல்லிவிட்டு, பரிகாரமாக அவர் கொடுக்கும் அதே மூன்று ஜெபத்தைச் சொல்லி முடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன். என் உண்மையான வியாதி கைப்பைக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. போனில் செய்தி பார்க்கக்கூடாது என்று பத்துக் கட்டளையில் இல்லாததால், அதை எந்தச் சாமியாரிடமும் நான் சொன்னதில்லை.

காலையில் கண் விழித்ததும் நெற்றியில் சிலுவை போடுவதற்கு முன்னால் போனை எடுத்துவிடுவேன். எங்கே புயல், எங்கே குண்டு, எந்தப் பாலம் இடிந்தது, எல்லாம் தெரிந்தாக வேண்டும். பூசையில் பிரசங்கம் நீண்டால் பாட்டுப் புத்தகத்துக்குள் போன் இருக்கும். என் கணவர் அந்தோணிக்கு ஹார்பரில் கண்டெய்னர் யார்டில் வேலை. "உலகத்துல எங்க தீப்புடிச்சாலும் உனுக்கு தெர்து ஜெசி, அடுப்புல சாம்பார் தீயறது மட்டும் தெரியல" என்பார். நான் அசரமாட்டேன். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் சீடர்களை விழித்திருக்கச் சொன்னாரே, ராயபுரத்தில் அதைச் செய்கிற ஒரே ஆள் நான்தான் என்று பதில் சொல்வேன். (கூடவே ஜெபிக்கவும் சொன்னார். அந்தப் பாதியை நைசாக விட்டுவிடுவேன்.)

இப்படி இருந்த காலத்தில்தான் எண்ணூரில் இருந்த சவரிமுத்து பெரியப்பா இறந்துபோனார்.

அவர் என் அம்மாவுடைய அக்கா பிலோமினா பெரியம்மாவின் கணவர். கப்பலில் இஞ்சின் ரூம் வேலை. வருஷத்தில் பாதிநாள் கடலில்தான் இருப்பார். பிள்ளைகள் இல்லை. நாங்கள் ராயபுரத்திலிருந்து போய் இறங்கியதும் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகை இல்லை.

"ஜெசி, நாப்பது வருஷம் அவரு கடலுக்குப் போவசொல்லோ நான் ஒண்டியா குந்திகினு ஜெபமாலை சொன்னவ. இன்னிக்கு ஒரு தபாவாவது ஊரே சேந்து அவருக்காக முழுசா சொல்லணும். உன் தொண்டை கணீர்னு கீது. நீயே ஆரம்பி. நடுவுல வுட்றக் கூடாது, இன்னா?"

"வுட மாட்டேன் பெரியம்மா" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

ஜெபமாலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே ஜெபத்தைப் பத்து மணி உருட்டிப் பத்து தடவை சொல்வோம். இப்படி ஐந்து பத்து. ஜெபத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, பதில் பாதியைக் கூட்டம் சொல்லும். ஆரம்பிப்பவர் நிறுத்தினால் எல்லாமே நின்றுவிடும்.

மதியம் மூன்று மணி. நாலு மணிக்கு ஃபாதர் வந்து கோயிலுக்கு எடுக்க வேண்டும். சின்ன ஹால், முப்பது பேர். நடுவில் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டி. உள்ளே பனி படிந்து பெரியப்பாவின் முகம் ஒருசமயம் தெரியும், ஒருசமயம் மங்கிவிடும். இமை சரியாக மூடவில்லை. நான் எந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாலும் அந்தக் கீற்றுக் கண் என்னையே பார்த்தது. பெட்டி மட்டும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்தது.

பெட்டிக்கு அடியில் வெள்ளைத் துணிக்குப் பின்னால் எங்கள் அன்பியத்து ஸ்பீக்கர் இருந்தது. அன்பியம் என்றால் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக் குழு. நான் அதன் தலைவி. (சிரிக்காதீர்கள்.) பிணம் எடுக்கும்போது பாட்டுப் போடலாம் என்று நான்தான் அதைத் தூக்கி வந்து, கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். வயர் இல்லாத ஸ்பீக்கர், ஆன் செய்தால் தானாகவே என் போனோடு சேர்ந்துகொள்ளும். தவக்கால ஜெபம் தெருவெங்கும் கேட்கட்டும் என்று முழுச் சத்தத்தில் வைத்தது அப்படியே இருந்தது.

எங்கள் பெண்கள் ஜெபத்துக்கு உட்கார்ந்தால் முந்தானையால் முக்காடு போட்டுக்கொள்வோம். அந்த முக்காட்டுக்குள் என் இடது காதில், வயர் இல்லாத குட்டி இயர்போன் ஒன்று இருந்தது. அதில் நேரலைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நான் பக்தியில் தலை குனிந்திருக்கிறேன். உள்ளே ஒருத்தி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறாள்.

முதல் பத்து ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவதில் ஏதோ ஒரு மலைச்சரிவு, கொஞ்சம் தடுமாறினேன். மூன்றாவதில் இருக்கும்போது அந்தப் பெண் "எண்ணூர்" என்றாள். நாம் உட்கார்ந்திருக்கிற ஊரின் பெயரைச் செய்தியில் கேட்டால் விடமுடியுமா? விரல் தானாக மணிகளை உருட்டியது, வாய் தானாகச் சொன்னது, நான் முழுக்கக் காதுக்குள் போய்விட்டேன்.

அந்த நேரம் பார்த்து, ஃபாதர் வரப்போகிறாரே என்று அந்தோணி குனிந்து ஸ்பீக்கரை ஆன் செய்தார்.

என் காதில் சத்தம் நின்றது. அடுத்த நொடி பெரியப்பாவின் பெட்டியிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"எண்ணூரில் வாயுக் கசிவு! கண் எரிச்சலாலும் மூச்சுத் திணறலாலும் அவதிப்படும் மக்கள், கைக்குழந்தைகளுடன் வீடுகளை விட்டு வெளியேறி வருகின்றனர்!"

முப்பது பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். கண்ணாடியில் பனி விலகி, பெரியப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது நன்றாகத் தெரிந்தது. பிறகு யாரோ "ஏசுவே!" என்று அலறினார்கள்.

அது பெரியப்பா இல்லை, என் போன் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால், ஜெபமாலை நடத்தியவள் காதில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தாள் என்று முப்பது பேருக்கும் தெரிந்துவிடும். வெட்கம் என் வாயை அடைத்தது. ஆனால் கேஸ் விஷயத்தை நான் முழுசாக நம்பினேன். முந்தின வருஷம் இதே பகுதியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து கேஸ் கசிந்து, ஜனங்கள் ஈரத்துணியை மூக்கில் பொத்திக்கொண்டு ஓடியது யாருக்கும் மறக்கவில்லை. ஆகவே எழுந்து நின்று என் கணீர்த் தொண்டையில் கத்தினேன்.

"கேஸு! எல்லாரும் ஓடுங்க!"

ஓடினார்கள். நாற்காலிகள் கவிழ்ந்தன. பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓடினார். தெருவே எங்களைப் பார்த்துக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடிவந்தது. கழுத்தில் ஜெபமாலை தொங்க வெறுங்காலோடு வருகிற கூட்டத்தின் எதிரில், முனையில் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்தார் ஃபாதர்.

"இன்னாச்சு?"

"பெட்டி பேசுது ஃபாதர்!"

"எந்தப் பெட்டி?"

"சவரிமுத்து அண்ணன் பெட்டி! எல்லாரையும் காலி பண்ணச் சொல்லுது!"

இருபது வருஷம் பிரசங்கம் செய்தும் தன்னால் முடியாததை ஒரு ஐஸ் பெட்டி செய்துவிட்டதே என்று அவர் நின்றாரோ என்னவோ, ஸ்கூட்டரிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றார்.

மெயின் ரோட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு தலைகளை எண்ணினோம். பெரியம்மாவைக் காணோம்.

"பெரியம்மா எங்க?" என்று அந்தோணி என்னைக் கேட்டார். நானும் அவரைத்தான் கேட்க வாயெடுத்தேன். யாரும் அழைத்து வரவில்லை. இறந்தவரையும் அவர் மனைவியையும் அறையில் விட்டுவிட்டு ஊரே ஓடிவந்திருக்கிறது, ஓடச் சொன்னவள் நான். அந்தோணி யார்டில் யாருக்கோ போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்தார். நான் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தேன். எனக்கு அழுகையாக வந்தது. அந்த அழுகையிலும் என் கட்டைவிரல் போனை நோண்டிக்கொண்டிருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரை விட்டுத் தூரம் வந்ததும் செய்தி பாதியில் நின்றுபோயிருந்தது. மீண்டும் ஓடவிட முக்கோணத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். சிக்னல் இல்லாமல் வட்டம் சுற்றியதே தவிர, சத்தமே வரவில்லை.

தெருவில் ஒரு ஜீவன் இல்லை. நல்ல வெயில், திறந்த கதவுகள், ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்க ஆள் இல்லை. எண்ணூரில் எப்போதும் ஏதோ ஒரு வாசனை இருக்கும். அது கேஸா, வழக்கமான நாற்றமா என்று என் மூக்குக்குப் புரியவில்லை. பெரியம்மா வீட்டு வாசலில் முப்பது ஜோடிச் செருப்புகள், விட்டது விட்டபடி கிடந்தன. அவற்றைப் பார்த்ததும் உள்ளே எல்லோரும் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது.

அப்போதுதான் ஜெபமாலை கேட்டது.

முதல் பாதி பெரியம்மாவின் குரல். அது முடிந்ததும் பதில் பாதியை வேறொரு குரல் சொன்னது. அடித்தொண்டை, கரகரப்பு, இஞ்சின் சத்தத்தில் பேசிப் பேசித் தடித்துப்போன ஆண் குரல். சின்ன வயதிலிருந்து நான் கேட்ட சவரிமுத்து பெரியப்பாவின் குரல். மறுபடி பெரியம்மா. மறுபடி அவர்.

என் கால் நிலைப்படியில் ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த போனை இறுக்கிப் பிடித்ததில் விரல் எங்கோ பட்டது. பெட்டிக்கு அடியிலிருந்து அந்தப் பெண் மறுபடி வீறிட்டாள்.

"...இந்தக் கசிவு நிகழ்ந்து இன்றோடு ஓராண்டு ஆகியும், மக்களின் அச்சம் தீரவில்லை!"

ஓராண்டு. பழைய செய்தியை அப்படியே போட்டுக்காட்டிய நினைவுநாள் தொகுப்பு. போன வருஷத்துக் கேஸுக்கு இந்த வருஷம் ஊரை ஓடவிட்டிருக்கிறேன்.

பெரியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பாயில் தனியாக உட்கார்ந்து, கண்ணாடி மேல் ஒரு கையை வைத்திருந்தார்.

"அதை அணை ஜெசி. போன வருஷத்துக் கதையெல்லாம் அவருக்குத் தெரியும். அப்போ உயிரோடதானே இருந்தாரு."

அணைத்தேன். "பெரியம்மா, இப்போ... இப்போ பதில் சொன்னது யாரு?"

"நான்தான். வேற யாரு கீறாங்க?" என்றார். "அவரு கப்பல்ல இருக்கசொல்லோ அவர் பாதியையும் அவர் மாரியே நான் சொல்வேன். இல்லாங்காட்டி வூடு வெறிச்சுனு கெடக்கும்."

"எல்லாரும் ஓடினோமே, நீ ஏன் வரல?"

"அவருதான் என்னை வுட்டுட்டுப் போய்ப் போய் வருவாரு. நான் ஒரு தபாகூட அவரை வுட்டுட்டுப் போனதில்ல. கடைசி நாள் பார்த்து ஓடுவேனா?"

நான் பாயில் விழுந்து அழுதேன். ஜெபம் சொல்லும்போது செய்தி கேட்டேன், தப்பு என்னுடையதுதான் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் நிஜமான பாவசங்கீர்த்தனம் அது.

"தெரியும்டி. ரெண்டாவது பத்துல எட்டுதான் சொன்ன. மூணாவதுல பதிமூணு சொன்ன. ஒருத்தரும் எண்ணல, நான் எண்ணிகினு இருந்தேன்" என்று மூக்கைச் சிந்தினார் பெரியம்மா. "ஊரே சேந்து சொல்லணும்னு கேட்டேன். ஊரையே தொரத்திட்ட. சரி, ரெண்டாவதுலேர்ந்து ஆரம்பி."

ஆரம்பித்தேன். பதில் பாதியைப் பெரியம்மா அந்தக் கரகரத்த குரலிலேயே சொன்னார். அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டேதான் நான் சொன்னேன். பார்வையை எடுத்தால் குரல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். செருப்பு எடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே எட்டிப் பார்த்து, வெட்கப்பட்டு, உட்கார்ந்தார்கள். ஃபாதரும் பூசைக்கான ஸ்டோல் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஐந்தாவது பத்தில் ஹால் நிறைந்துவிட்டது. அப்போது பெரியம்மா தன் சொந்தக் குரலுக்குத் திரும்பி, முதல் முறையாக வாய்விட்டு அழுதார். பெரியப்பாவை ஐந்து மணிக்குத்தான் எடுத்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் கல்யாணம், காரியம் என்றாலும் நான் நுழைந்ததும் ஒருவர் எழுந்து "அய்ய, செருப்பைக் கையில வெச்சுக்கோங்கப்பா, ஜெசி வந்துட்டா" என்பார். என் மகன்களும் மருமகள்களும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தோணி மட்டும் சிரிப்பதில்லை, ஸ்பீக்கரை ஆன் செய்தது அவர்தான் என்பதால்.

பெரியம்மா இப்போது எங்களோடு ராயபுரத்தில் இருக்கிறார். சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபமாலை. அதற்கு முன்னால் நான் போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூட வேண்டும் என்பது ஏற்பாடு. மூடும் சத்தம் கேட்டதும் பெரியம்மா பாயில் உட்கார்ந்தபடி, தினமும், ஒரு நாளும் தவறாமல் கேட்பார்.

"ஜெசி, பெட்டி இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல பெரியம்மா."

"அப்ப நாம சொல்லலாம். வந்து குந்து."