கோல் போடும் கீரியும் பொன்னாடைக் கொக்கும்

ஒரு காட்டில் ஆண்கள் கால்பந்து அணிக்கு மைதானம் இருந்தது, மைதானத்துக்கு வேலி இருந்தது, வேலிக்குக் காவல் இருந்தது. அந்த அணி இதுவரை யாரையும் ஜெயித்ததில்லை. பெண்கள் அணி எல்லோரையும் ஜெயித்துக்கொண்டிருந்தது; அதற்குக் குளத்தங்கரைச் சேறு கொடுக்கப்பட்டிருந்தது. சேற்றில் ஆடினால் கால் பலப்படும் என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. நிர்வாகத்தில் இருந்தவர்கள் யாரும் சேற்றில் கால் வைத்ததில்லை.

அந்தப் பெண்கள் அணியின் முன்கள ஆட்டக்காரி, கீரி சுடர்க்கொடி. கோல் போடுவதுதான் அவள் வேலை. பந்து என்பது அந்தக் காட்டில் பனம்பழம். பாம்புகளோடு மல்லுக்கட்டிப் பழகிய உடம்பு என்பதால், அவள் வலது பக்கம் போவதாகத் தடுப்பாட்டக்காரர்கள் நினைக்கும்போது இடது பக்கம் போயிருப்பாள். அவர்கள் இடது பக்கம் திரும்பும்போது கோல் போட்டுவிட்டு, மூக்கில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அவள் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

"பாம்பு புடிக்கப் போகாம பனம்பழத்த ஒதைச்சிட்டுத் திரியிறியே, நாளைக்கு எவன்டி உன்னக் கட்டிப்பான்?"

"பந்து பாஸ் பண்ணத் தெரிஞ்சவனா பாரும்மா. எங்க டீமுக்கு ஒரு ஆள் குறையுது."

அவள் மனசு வேறொரு இடத்தில் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தொழில்முறை அணி உண்டு. அங்கே ஆட்டம்தான் உத்தியோகம். சம்பளம் உண்டு, அடிபட்டால் வைத்தியம் உண்டு, மைதானத்தில் புல்கூட உண்டாம். அந்த அணிக்கு ஆள் தேடும் கழுகம்மா, இந்த வருஷ இறுதிப் போட்டியைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்திருந்தது. சுடர்க்கொடிக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. இறுதிப் போட்டியில் ஆட வேண்டும், கோல் போட வேண்டும், அதைக் கழுகம்மா பார்க்க வேண்டும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அக்கரைக் காடு. அவர்களுடைய பெண்கள் அணியின் கோல் கீப்பர், முள்ளம்பன்றி மாரிக்கண்ணு. அவளிடம் போன பந்து அவளிடமே நின்றுவிடும். முள்ளில் குத்திக்கொண்டு நிற்கும். இரண்டு பெருச்சாளிகள் வந்து பிடித்து இழுத்தால்தான் மறுபடி ஆட்டம். அந்த சீசனில் அவள் ஒரு கோல்கூட விட்டதில்லை. அப்படிப்பட்ட கீப்பர் இருந்தும் அந்த அணியின் தலைவருக்கு சுடர்க்கொடியை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் நரியை எதிர்பார்த்திருப்பீர்கள். கதைக்குக் கதை கெட்ட பெயர் வாங்கி அலுத்துப்போய் நரி இப்போது தேன் வியாபாரம் பார்க்கிறது. அக்கரை அணியின் தலைவர் கொக்கு கோதண்டம். எப்போதும் வெள்ளை உடுப்பு, எப்போதும் குவிந்த அலகு, எந்தக் கூட்டத்திலும் அசையாத நிலை. கொக்கை "அது" என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் தலைவர். எனக்கு எதற்கு வம்பு.

"காலத் தட்டி விட்ருவமா தலைவரே?" என்று கேட்டாள் தடுப்பாட்டக்காரி காட்டுப்பன்றி.

"சேச்சே, அது முரட்டுத்தனம். பாராட்டுவோம்."

"பாராட்டுனா நின்னுருவாளா?"

"நின்னவங்களையும் பாத்திருக்கேன். உக்காந்தவங்களையும் பாத்திருக்கேன். எந்திரிச்சவங்களத்தான் பாத்ததில்ல."

மறுவாரமே ஆற்றங்கரையில் பாராட்டு விழா. பந்தல் நிறைய பேனர். பேனரில் கொக்கின் படம் மரம் அளவுக்கு இருந்தது. மூலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் அணிலின் படம் இருந்தது. சுடர்க்கொடி உற்றுப் பார்த்தாள். கீழே "சுடர்க்கொடி" என்று போட்டிருந்தது.

காலை பத்து மணி விழாவுக்கு சிறப்பு விருந்தினர் மதியம் வந்து சேர்ந்தார். பிறகு பொன்னாடைகள் ஆரம்பித்தன. வௌவால்கள் நலச் சங்கம் ஒன்று, உடும்பு இளைஞர் பேரவை ஒன்று, அதே பேரவையிலிருந்து பிரிந்துபோன உடும்புகள் சார்பில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அவள் எழுந்து, குனிந்து, கும்பிட்டு, கேமராவைப் பார்த்து, உட்கார வேண்டியிருந்தது. கொக்கு மைக் முன்னால் ஒற்றைக் காலில் நின்று நெடுநேரம் பேசினார். கடைசியில் அவளுக்குப் "பந்தாட்டப் பைங்கிளி" என்று பட்டம் கொடுத்தார்.

"நான் கீரிங்க" என்றாள் சுடர்க்கொடி மெதுவாக.

"தெரியும் தங்கச்சி. மோனை வேணும்ல" என்றார் கொக்கு, கை தட்டிக்கொண்டே.

கிளி நிருபர் பேட்டிக்கு வந்தது. எந்தக் காலால் உதைப்பாய், எப்படி வளைந்து போகிறாய் என்றெல்லாம் கேட்கும் என்று அவள் பதில்களை யோசித்து வைத்திருந்தாள். "சமையல் தெரியுமா?" என்று கேட்டது கிளி. பிறகு கேசரி வந்தது. மறுக்க முடியாத அளவுக்கு நெய் விட்ட கேசரி.

அன்றைக்கு அவள் அணிக்கு ஒரு லீக் ஆட்டம் இருந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது பெருச்சாளிகள் கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு பயிற்சி இருக்கும் நாளெல்லாம் விழாவாகிப் போனது. போக முடியாது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பாராட்டக் கூப்பிட்டால் வர மறுக்கிறாள், தலைக்கனம் ஏறிவிட்டது என்று இரண்டு கரையும் பேசியது. அம்மாவே கோபித்துக்கொண்டாள்.

"ஊரே கூப்பிட்டு மரியாதை பண்ணுது. நீ என்னடான்னா ஓடப் போறேன்ங்கிற. ஓடுறதுக்கு எவன்டி மாலை போடுவான்?"

சுடர்க்கொடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடியதற்குத்தான் மாலையே போட்டார்கள் என்பது அம்மாவுக்கு மறந்துவிட்டது. வீட்டில் பொன்னாடைகள் சேரச் சேர அம்மா அவற்றைத் தலையணை உறைகளாகத் தைத்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

அரையிறுதியிலும் அவள் இல்லை. ஆனாலும் அணி ஜெயித்தது. அதற்குக் காரணம் பயிற்சியாளர் எருமை டீச்சர். அவர் யோசனையில் நடந்து நடந்து மைதானத்துக்குள்ளேயே போய்விட்டார். எதிரணி உதைத்த பந்து அவர் விலாவில் பட்டு, திரும்பிப் போய் எதிரணி கோலுக்குள்ளேயே விழுந்தது. இது செல்லுமா என்று எல்லோரும் நடுவரைப் பார்த்தார்கள். நடுவர் ஓணான் தலையை ஆட்டியது. ஓணான் எதற்கும் தலையாட்டும் என்பது அந்தக் கூச்சலில் யாருக்கும் தோன்றவில்லை.

இறுதிப் போட்டி இக்கரைக்கும் அக்கரைக்கும். மாலை நான்கு மணிக்கு. அன்று காலையிலேயே அகில வனப் பாராட்டுப் பெருவிழா என்று கொக்கு அறிவித்துவிட்டார். யானை ஊர்வலம், கரடி மேளம், எழுபது சங்கங்களின் பொன்னாடைகள்.

"டீச்சர், நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள் சுடர்க்கொடி.

எருமை டீச்சர் அசைபோட்டுக்கொண்டே யோசித்தார். அவர் பதில் சொல்வதற்குள் யானை வந்து அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மேடையில் மணி நான்கைத் தாண்டியது. அவள் கழுத்து வரைக்கும் பொன்னாடை. உள்ளே வியர்வை. வானத்தில் ஒரு பெரிய நிழல் மைதானத்தின் பக்கம் போவதைப் பார்த்தாள். கழுகம்மா வந்துவிட்டாள். இங்கே பாராட்டுரை வழங்க இன்னும் பதினாறு பேர் வரிசையில் நின்றார்கள். இந்த மேடையிலேயே தன் ஆட்டம் முடிந்துவிடும் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

அப்போதுதான் இத்தனை விழாக்களில் அவள் பார்த்துப் பார்த்து அலுத்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. பாராட்டப்பட்டவர் ஏற்புரை வழங்குவார் என்று அறிவித்த உடனே என்ன நடக்கும்? அவள் பொன்னாடைக் குவியலை இழுத்துக்கொண்டு மைக்கிடம் போனாள்.

"எல்லாருக்கும் வணக்கம். முதல்ல என்னோட ஏற்புரையச் சொல்லிடறேன்."

முன்வரிசை எழுந்துவிட்டது. அடுத்த வரிசை செருப்பைத் தேடியது. வேறொரு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லிவிட்டு சிறப்பு விருந்தினர் கிளம்பினார். அவரை வழியனுப்பக் கொக்கு பின்னாலேயே ஓடினார். மற்றவர்கள் சாப்பாட்டுப் பந்தலுக்குள் முண்டியடித்தார்கள். பேச வரிசையில் நின்ற பதினாறு பேரும், கேட்க ஆள் இல்லாமல் பேசுவது எப்படி என்று அவர்கள் பின்னாலேயே போனார்கள். மேடையில் மைக்செட்காரத் தவளை மட்டும் மிச்சம்.

"பேசுறதுன்னா பேசுக்கா. நான் வயரச் சுத்தணும்."

"சுத்திக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் குதித்து ஓடினாள். பொன்னாடைகள் வழியெல்லாம் விழுந்தன. ஒன்று மட்டும் கழுத்தில் சிக்கிக்கொண்டு கூடவே வந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது மைதானத்தில் இரண்டாம் பாதி நடந்துகொண்டிருந்தது. யாரும் கோல் போடவில்லை. "வந்துட்டியா? அந்தத் துணியக் கழட்டிப் போட்டுட்டு உள்ள போ" என்றார் எருமை டீச்சர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் துணியைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிட்டு உள்ளே போய் ஒரு தடவை பந்தைத் தொட்டிருந்தாள்.

வளைந்தாள், நெளிந்தாள், காட்டுப்பன்றியின் கால்களுக்கு நடுவில் புகுந்து போனாள். கேசரி தின்ற உடம்பு மூச்சு வாங்கியது. ஆனாலும் கால் மறக்கவில்லை. உதைத்தாள். பந்து மாரிக்கண்ணுவின் முதுகில் குத்திக்கொண்டு நின்றது. மறுபடி உதைத்தாள். மறுபடி குத்திக்கொண்டு நின்றது. பெருச்சாளிகள் வந்து இழுத்துக்கொண்டிருந்தபோது மாரிக்கண்ணு தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"ஏ புள்ள, அந்தப் பொன்னாடை கனமா இருக்குமா?"

"ஏன்க்கா?"

"எனக்கு யாரும் போட்டதில்ல. நானும் கேட்டேன். ஒனக்குப் போட்டா கிழிஞ்சிரும்னு தலைவர் சொல்லிட்டாரு."

சுடர்க்கொடிக்கு மனசு கலங்கிவிட்டது. இத்தனை ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடாதவள். அவளுக்கு ஒரு துண்டுத் துணி கிடைக்கவில்லை. தனக்குக் கழுத்து வரைக்கும் கிடைத்தது. அந்தக் கலக்கத்துக்கு நடுவிலேயே, பொன்னாடை போர்த்தப்பட்டவரின் கைகள் எங்கே போகும் என்பதும் அவளுக்கு நினைவு வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. எனக்கும் தெரியாது.

கோட்டுக்கு வெளியே கிடந்த பொன்னாடையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இந்த சீசன்ல நீங்க ஒரு கோல்கூட விடல. யாராவது ஒங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்லையே."

"நான் சொல்றேன். இந்த ரெண்டு காட்டுலயும் ஒங்கள மாதிரி கீப்பர் கெடையாது."

பொன்னாடையை உதறி அவள் முதுகில் போர்த்தினாள். அது எங்கும் கிழியவில்லை. ஒவ்வொரு முள்ளிலும் தொற்றிக்கொண்டு அழகாக நின்றது. மாரிக்கண்ணுவின் கண் நிறைந்துவிட்டது. பெருச்சாளிகள் பிடுங்கிய பந்தைக் கீழே போட்டதையோ, சுடர்க்கொடி இரண்டடி பின்னால் போனதையோ அவள் பார்க்கவில்லை. இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டபடி, கேமராவோடு நின்ற கிளியின் பக்கம் திரும்பி அசையாமல் நின்றாள்.

சுடர்க்கொடி உதைத்தாள். பந்து மாரிக்கண்ணுவின் கும்பிட்ட கைகளைத் தாண்டி உள்ளே போனது.

கொக்கு அலறிக்கொண்டு பறந்து வந்தார். "நடுவரே! ஆட்டத்துக்கு நடுவுல பொன்னாடை போத்துனா கோல் செல்லாதுல்ல?"

ஓணான் தலையை ஆட்டியது. அக்கரைக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். கொக்கு நிம்மதியாக ஒற்றைக் காலுக்கு மாறினார். எருமை டீச்சர் அப்போதுதான் தன் கேள்வியை அசைபோட்டு முடித்திருந்தார்.

"செல்லும்... தானே?"

ஓணான் தலையை ஆட்டியது. நேரம் முடிந்தது. கடைசியாக ஆட்டிய தலைதான் தீர்ப்பு.

கொக்கு மாரிக்கண்ணுவைத் திட்டித் தீர்த்தார். அவள் காதில் எதுவும் விழவில்லை. "கோல் போனா போவுது. கிழியலல்ல?" என்று எல்லோரிடமும் திரும்பிக் காட்டிக்கொண்டே போனாள். சுடர்க்கொடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

கழுகம்மா இறங்கி வந்தாள். "நல்லா ஆடுற. எங்க டீமுக்கு வர்றியா?"

கனவு கண்ட கேள்வி. ஆனால் சுடர்க்கொடி உடனே சரி என்று சொல்லவில்லை. "ஒண்ணு கேக்கலாமா? ஒங்க ஊர்ல எங்க ஆட்டம் பாக்க நெறைய பேர் வருவாங்களா? பாராட்டு விழா, ஊர்வலம், அந்த மாதிரி?"

கழுகம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "மறைக்க விரும்பல தாயி. அங்க பொம்பளப் புள்ளைங்க ஆட்டத்துக்கு ஈ காக்கா வராது. ஜெயிச்சாலும் ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க."

சுடர்க்கொடி சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தாள். "இப்பவே கெளம்பலாம்" என்றாள்.

அம்மாவிடம் சொல்லிக்கொண்டு அவள் கிளம்புவதற்குள், வழியனுப்பு விழாவுக்குக் கொக்கு பந்தற்கால் நட ஆரம்பித்திருந்தார். கழுகம்மா அவளைக் கொத்தாகத் தூக்கிக்கொண்டு மலையைத் தாண்டிவிட்டாள்.

நீதி: கத்தியோடு வருகிறவரைப் பார்த்தால் ஓடிவிடலாம், ஊரும் ஓடு என்றுதான் சொல்லும். பொன்னாடையோடு வருகிறவரிடம் கழுத்தைக் குனிந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும்.