ஒரிஜினலும் ராட்சத இறால் பெட்டியும்

தமிழ்நாட்டிலேயே ஓடின படத்தை மதிக்காத ஒரே மனுஷர் எங்கள் ஸ்டாஃப் பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தார். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் இதைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். நூறு நாள் ஓடிய படம் என்று யாராவது சொன்னால் கருவாட்டு வாடை அடித்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரே வாரத்தில் பெட்டி திரும்பிவிட்டது, தயாரித்தவன் ஊரை விட்டே ஓடிவிட்டான் என்று சொல்லிப் பாருங்கள். "அப்படியா, அது இன்னா படம்?" என்று சீட்டின் நுனிக்கு வந்துவிடுவார்.

செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போகும் பஸ் அது. அவர் டிராயிங் செக்‌ஷனில் டிராஃப்ட்ஸ்மேன், நான் அக்கவுண்ட்ஸ். அவருடைய அப்பா அம்மா வைத்த பெயரை மாசாமாசம் சம்பளப் பட்டியலில் பார்ப்பவள் நான். ஆனாலும் வாயில் வருவது 'ஒரிஜினல்'தான். பஸ்ஸே அப்படித்தான் கூப்பிட்டது. திருட்டு சிடி தெருவுக்குத் தெரு கிடைத்த காலம். ஸ்டோர்ஸ் முருகேசன் வாரத்துக்கு நாலு படம் கொண்டுவந்து பஸ்ஸில் சுற்றுக்கு விடுவார். எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்குவோம். இவர் மட்டும் விரல் நுனியால் தள்ளிவிட்டு, "இதுக்கு ஒரிஜினல் கீதா உன்கிட்ட?" என்பார். கேட்டுக் கேட்டு அதுவே பெயராகிவிட்டது.

அவர் சேர்த்தது சாதாரண டிஸ்க் இல்லை. வெளிநாட்டில் சில படங்கள் இருக்கின்றன. வந்தபோது ஈ, காக்காய் எட்டிப் பார்த்திருக்காது. பத்துப் பதினைந்து வருஷம் கழித்து ஊருக்கு நாலு பேர் அதைத் தலையில் வைத்துக் கூத்தாடுவார்கள். கல்ட் படம் என்று பெயர். அந்த நாலு பேருக்காகவே கம்பெனிக்காரன் ஸ்பெஷல் எடிஷன் போடுவான்: அழகான பெட்டி, உள்ளே சின்னப் புத்தகம், வெட்டிப்போட்ட காட்சிகள், படம் ஓடும்போதே டைரக்டர் பேசுகிற கமென்டரி. அந்த நாலு பேரோடு ஐந்தாவது ஆள், செங்கல்பட்டு ரயில்வே கேட் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்த எங்கள் ஒரிஜினல்.

செங்கல்பட்டுக்கு அதெல்லாம் எப்படி வரும் என்கிறீர்களா? மாமல்லபுரம் எதற்கு இருக்கிறது? டிசம்பர் பிறந்தால் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்குவார்கள், பாதிப் பேர் வருஷா வருஷம் வருகிறவர்கள். ஒரிஜினல் கடற்கரைச் சந்தில் போய் அவர்களைப் பிடித்துக்கொள்வார். அடுத்த வருஷம் வரும்போது இன்ன பெட்டி கொண்டுவா, பதிலுக்கு உன்னை ஸ்கூட்டரில் வேடந்தாங்கல் கூட்டிப்போகிறேன் என்பார். ஒரு பெட்டிக்கு ஒரு வேடந்தாங்கல், அதுதான் கணக்கு. அங்கே போனால் வெள்ளைக்காரன் பைனாகுலரில் நாரையைப் பார்ப்பான். இவர் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார். அத்தனை வருஷத்தில் ஒரு பறவையாவது பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இதில் ஒரு பேஜாரு நடந்தது. டிஸ்க்கிலும் நாட்டுக்கு நாடு பூட்டு உண்டாம். அமெரிக்கா டிஸ்க் நம் ஊர் பிளேயரில் ஓடாது. அலமாரி முக்கால்வாசி நிரம்பிய பிறகுதான் அவர் பிளேயரே வாங்கினார். போட்டுப் பார்த்தால் திரையில் ஒரு வரி இங்கிலீஷ் வந்து நின்றது. பஸ் முழுக்கச் சிரித்தது.

"இன்னா சார், படமே பார்க்காம இத்தினி வருஷம் சேர்த்தீங்களா?" என்று முருகேசன் கேட்டார்.

"படம் எவன்கிட்ட வேணா கிடைக்கும் முருகேசா. பொட்டிதான் கிடைக்காது," என்றார் ஒரிஜினல், கொஞ்சமும் அசராமல். அப்புறம் யாரோ ரிமோட்டில் ஏதோ நம்பர் தட்டிப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். ஆனால் பெட்டிதான் முக்கியம் என்ற கொள்கை மாறவில்லை.

அவர் பெட்டிகளுக்கெல்லாம் ராஜா, இறால் பெட்டி. தகர டப்பா. மூடியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ராட்சத இறால் கடலிலிருந்து எழுந்து, மீசையால் ஒரு பெண்ணைச் சுருட்டிப் பிடித்திருக்கும். உலகத்துக்கே கொஞ்சம்தான் போட்டார்களாம், ஒவ்வொன்றிலும் நம்பர் அடித்திருந்தது. கைக்குட்டையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொடுவார். ஒரு திங்கட்கிழமை பெருமையாக பஸ்ஸுக்குக் கொண்டுவந்தார். டீ நிறுத்தத்தில் முருகேசன் அது என்னவோ முறுக்கு டப்பா என்று நினைத்து, சூடான டீ கிளாஸை இறாலின் தலையில் வைத்துவிட்டார்.

ஒரிஜினல் சண்டை போடவில்லை. பெட்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டு பின்னால் போய் வேறு சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டாஃப் பஸ் தெரிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட கலவரம் என்று புரியும். அங்கே சீட்டு என்பது பட்டா போட்ட நிலம். இவர் உட்கார்ந்தது லேப் நாகராஜன் சீட்டு. நாகராஜன் போய் இன்னொருவர் சீட்டில் உட்கார, அவர் என் சீட்டில் உட்கார, நான் திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டே போனேன். அந்தக் கலவரம் அடங்க மழைக்காலம் வந்துவிட்டது. முருகேசனோடு பேச்சு வார்த்தை அதற்கப்புறமும் இல்லை.

கமென்டரி கேட்டுக் கேட்டு அவருக்கே அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. டிரைவர் பிரேக் போட்டால், "இங்க எருமை வருதுன்னு ஸ்கிரிப்ட்லயே இல்ல," என்பார். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எல்லோரும் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். இவர் கேட்டது, "வீடியோ யாரும்மா எடுக்கறது?"

"பஜார்ல கடை வெச்சிகினு கீறாரே தனசேகர், அவருதான் சார்."

"வெட்டிப்போடறதை எல்லாம் அவன் பத்திரமா வெப்பானா?"

"கல்யாண வீடியோவுல வெட்ட என்னா சார் கீது?"

"படத்துல இருக்கறது எடுத்தவன் புத்தி. வெட்டிப்போட்டதுலதாம்மா மனசு கீது," என்றார். சரிதான், முத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று வந்தார். வந்தவர் என்னையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. தனசேகரின் லைட் வயரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே அலைந்தார். எங்கப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. அப்பா ஜங்ஷனில் வேலை பார்த்தவர். கூட்ஸ் வண்டி போகும்போது அந்தப் பக்கத்து பிளாட்பாரத்தில் இருப்பவரோடு பேசிப் பழகிய தொண்டை. வீட்டில் உப்பு கேட்டால் அடுத்த தெருவில் எடுத்துக் கொடுப்பார்கள். "யாரும்மா அந்த ஆளு, திருட்டு முழி முழிச்சிகினு?" என்று மேடைக்கே வந்து கேட்டார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

வீடியோ வந்தது. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோ உங்களுக்குத் தெரியாததா? தாமரை விரியும், உள்ளிருந்து என் தலை வரும். இதயம் பிளக்கும், மாப்பிள்ளை வருவார். முதலிலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டு. மனுஷர் பேசுகிற சத்தம் ஒரு பொட்டு கிடையாது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் பாட்டு போடுவார்கள். பந்தியில் அப்பா பிரியாணி அண்டா பக்கத்தில் நின்று ஏதோ பேசுவார். கண் சிமிட்டுவதற்குள் அவர்மேல் ரோஜாப்பூ கொட்டி, காட்சி மாறிவிடும். அப்போது எங்களுக்கு அது பெரிசாகப் படவில்லை. ஆள்தான் வீட்டிலேயே கத்திக்கொண்டிருந்தாரே.

அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார். காலையில் டியூட்டிக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

அம்மா அழுதாள், தேறினாள், சமைத்தாள். ஆனால் சாயங்காலம் ஆனால் அந்த கேசட்டைப் போட்டு பந்தி வரும் இடத்தில் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவாள். பாட்டுதான் இன்னும் பெரிசாகக் கேட்கும். மறுபடி கூட்டுவாள். "வாய் அசையுது பாரு. சத்தம் எங்கடி போச்சு?" என்று என்னைக் கேட்பாள். வீட்டில் போட்டோ இருந்தது, அவர் சட்டை இருந்தது. அந்தப் பெரிய தொண்டை மட்டும் எங்கேயும் இல்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நாங்கள் பழகியதே இல்லை.

ஒருநாள் பஸ்ஸில் இதை நாகராஜனிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். முன் சீட்டில் இருந்த ஒரிஜினல் திரும்பவே இல்லை. இறங்கும்போது மட்டும், "தனசேகர் கடை ஞாயித்துக்கிழமை தொறந்திருக்குமா?" என்று கேட்டார்.

நானே அதற்கு முன்னால் தனசேகரிடம் கேட்டுப் பார்த்தவள்தான். "அக்கா, கேமரா கேசட்டை யாரு வெச்சினு இருப்பாங்க? அது மேலயே அடுத்த முகூர்த்தம் எடுத்துடுவோம். உங்களுதுமேல எத்தினி கல்யாணம் ஏறிச்சோ," என்றார். தொழிலே அப்படித்தான். நானும் மாதாவிடம் சொல்லி அழுதுவிட்டு விட்டுவிட்டேன்.

ஒரிஜினல் விடவில்லை. கடையில் ஒரு கோணி நிறைய பழைய கேசட் இருந்தது, எதிலும் பெயர் கிடையாது. ஞாயிறு தவறாமல் போய் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். திங்கட்கிழமை பஸ்ஸில் கமென்டரி வரும். "மறைமலைநகர் கல்யாணம்மா. பொண்ணுக்கு மாமனை சுத்தமா புடிக்கல, மூஞ்சிலயே தெரியுது." "நேத்து ஒண்ணு பார்த்தேன், தாலி கட்டறப்ப வீடியோகாரன் ஃபேனைத்தான் எடுத்துகினு கீறான்." ஊரில் நடந்த சண்டை, சமாதானம், மொய்யில் நடந்த முறைப்பு எல்லாம் அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது. என் கல்யாணம் மட்டும் கிடைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் பஸ் ஏறியதும் என் மடியில் ஒரு டிவிடி பெட்டியை வைத்தார். முகப்பில் டிராஃப்ட்ஸ்மேன் கையெழுத்தில் அப்பா பெயர், கீழே 'ஸ்பெஷல் எடிஷன்'. பின்பக்கம்: 'இதுவரை வெளிவராத காட்சி. பாட்டு இல்லை. ஒலி: ஒரிஜினல்.' மேலே கண்ணாடித் தாள் சுற்றி சீல் வேறு.

"எப்படி சார்?"

"உன் கல்யாணத்து கேசட் மேல ஒரு நிச்சயதார்த்தம் ஏத்தியிருக்கான். அது சீக்கிரம் முடிஞ்சிருச்சு. மிச்சம் இருந்த கேசட் வால்ல உங்கப்பா நிக்கிறாரு," என்றார். "சீலை பிளேடு வெச்சு ஓரமா கிழிக்கணும். பிச்சிடாத."

சாயங்காலம் அம்மா பிளேடு வைத்து ஓரமாகக் கிழித்தாள். அண்டாவில் கரண்டி மோதும் சத்தம், சின்னப் பிள்ளைகள் கத்தும் சத்தம். அப்புறம் வீடே அதிர எங்கப்பா.

"யோவ், உன்னத்தான்யா. வயரைப் புடிச்சிகினு நிக்கிறியே, துன்னியா இல்லியா? கேமராவையா துன்னப் போற? வந்து குந்து மொதல்ல." அப்புறம் சமையல்காரர் பக்கம் திரும்பி, தன்னால் முடிந்த மட்டும் குரலைத் தாழ்த்தி: "மாஸ்டரு, எங்கூட்டு அம்மாவுக்கு ஒரு நல்லி எலும்பா எடுத்து தனியா வெய்யி. அது எல்லாருக்கும் போட்டுட்டு கடைசியாத்தான் துன்னும்."

அவ்வளவுதான், திரை கறுத்துவிட்டது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அம்மா டிவி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த நல்லி எனக்கு வரவே இல்லியேடி," என்றாள். "எவன் துன்னான்?" கண்ணிலிருந்து வழிய வழியச் சிரித்தாள். "இன்னொரு தபா போடு."

இதோடு முடிந்திருந்தால் நல்ல மனுஷர், நல்ல உதவி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அப்புறம் என் சித்தி மகன் கல்யாணத்துக்கு அதே தனசேகர் வீடியோ எடுக்க வந்தார். பேட்டரி மாற்ற ஒரு தகர டப்பாவைத் திறந்தார். மூடியில் ராட்சத இறால், மீசையில் பெண், தலையில் லேசாக டீ கிளாஸ் வட்டம்.

"இது எப்படிய்யா உன்கிட்ட?"

"அந்த பஸ்காரரு குடுத்தாருக்கா. கோணியைத் தொடாதேன்னு மொதல்ல தொரத்திட்டேன். தொழில் நேரத்துல மெஷினைப் புடிச்சினு உக்காந்தா நான் இன்னா பண்றது? இன்னா வேணும் கேளுன்னாரு. பேட்டரிக்கு நல்ல டப்பா வேணும்னு வெளையாட்டாத்தான் கேட்டேன். அடுத்த வாரம் இதை கொண்டாந்து வெச்சிட்டாரு."

மறுநாள் பஸ்ஸில் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் விடவில்லை. "டப்பா கேட்டா வேற டப்பா கிடைக்கலையா சார் உங்களுக்கு?"

"நல்ல டப்பா கேட்டான். என்கிட்ட அதைவிட நல்ல டப்பா ஏதும்மா? படம் கீது என்கிட்ட, போதும்," என்றார்.

அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். வீட்டுக்குப் போனால் அலமாரியில் நடுத்தட்டில் அந்த ஒரு இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. டிசம்பர் வந்தால் நானும் மாமல்லபுரத்துச் சந்தில் போய், வருகிற வெள்ளைக்காரர்களிடமெல்லாம் இறால் பெட்டி, இறால் பெட்டி என்று என் அக்கவுண்ட்ஸ் இங்கிலீஷில் கேட்கிறேன். வேடந்தாங்கலுக்கும் கூட்டிப்போகிறேன். இதுவரை கிடைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பிரியாணி. அண்டாவைத் திறந்ததும் அம்மா முதலில் ஒரு நல்லியை எடுத்து சின்னக் கிண்ணத்தில் போட்டு மூடிவைப்பாள். யாரும் கை வைக்கக் கூடாது. "ஒரிஜினலுக்கு," என்பாள். "அந்த ஆளு அன்னைக்கு துன்னாரா இல்லியான்னு உங்கப்பா கேட்டுகினே கீறாரு இல்ல."