பிளாட்டிங் பேப்பரும் உமது அக்காளின் ரத்தமும்

தென்காசி,
12-7-1958

அன்புள்ள மைத்துனர் அய்யாத்துரைக்கு,

வேதநாயகம் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே கூரை ஒழுகுவதும் உமது அக்காள் உடம்பும் தவிர மற்றது சுகம். புளியங்குடியில் உமது எலுமிச்சை மண்டியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

“ஒரே மை, ஒரே பேனா, குத்தாலத்துல சாரல் விழுந்தா மட்டும் எழுத்து ஏன் அத்தான் ஊறுது?” என்று முன்பு நீர் கேட்டீர். குற்றம் தாளில்தான் என்றேன். அந்தப் பதில் இப்போது உமது அக்காள் ஞானபாக்கியத்தின் வயிற்றுக் கட்டிவரை வந்து நிற்கிறது. ஆபரேஷனுக்கு முன் அவள் விரலைக் குத்தி, ஒரு துளியைத் தாளில் விட்டு, உலர்ந்த பொட்டை அச்சடித்த சிவப்புப் பட்டைகளோடு ஒப்பிட்டார்கள். பொட்டு வெளிறியிருந்தது. ரத்தம் போதாது, இப்போது அறுக்க முடியாது என்றுவிட்டார் டாக்டரம்மா. நான் அந்தத் தாளைத் தடவிப் பார்த்தேன். நம் பள்ளிக்கூடத்தில் மை ஒற்றுகிற பிளாட்டிங் பேப்பர்! கம்பவுண்டர் பலவேசம் என்னிடம் படித்தவன்தான்.

“இதுக்குன்னு வார சீமைத் தாள் தீந்துபோச்சு சார்வாள். இதுவும் உறிஞ்சத்தான செய்யுது?”

“ஏலே, தோசைக்கல்லும் வட்டம், கிராமபோன் தட்டும் வட்டம். ரெண்டும் பாடுமா?”

ஒரே தாளில் ஓரம் தடிப்பு, நடு மெலிசு, எங்கும் சாரல் ஈரம். குழம்பு சமுக்காளத்தில் சிந்தினால் ஒரு கறை, மல்துணியில் சிந்தினால் வேறு கறை அல்லவா? ஆகவே ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்தேன்.

“என் ரத்தத்தப் பாக்கச் சொன்னா, பேப்பருக்கு வைத்தியம் பாக்குதியளே!” என்றாள் உமது அக்காள். ஆஸ்பத்திரி வாசலில் குடை மடங்கிக்கொண்டது, தாள் மறுபடி நனைந்தது, பொட்டு ரோஜா நிறத்தில் வந்தது. விடுவேனா? இன்று காலை வேறொரு தாளைக் காயவைத்து, பிஸ்கட் டப்பாவில் அடைத்துக் கொண்டுபோய், சரிபாதியாக வெட்டி, ஒன்றில் அவள் துளி, மற்றதில் என் துளி விட்டு, உலர வைத்துவிட்டு வந்திருக்கிறேன். காய்ந்தாலும் அது பிளாட்டிங் பேப்பர்தானே, திடகாத்திரமான என்னுடையதும் வெளிறித்தான் இருக்கும்; அப்போது பலவேசத்தின் முகமும் வெளிறும். ஆகவே நீர் மண்டியைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டாம்.

அனைவருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வேதநாயகம்

பி.கு.: தபாலில் சேர்க்கப் போகிற வழியில் ஆஸ்பத்திரிக்குள் எட்டிப் பார்த்தேன். என் பொட்டு செக்கச்செவேலென்று இருக்கிறது. பக்கத்தில் அவளுடையது. அதே தாள். பலவேசம் “சார்வாள்” என்று இரண்டையும் என் கையில் கொடுத்தான். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடும். அவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டுமாம். கூடப்பிறந்தவருடையது சேருமா என்று முதலில் பார்ப்பார்களாம். முதல் பஸ்ஸில் வந்து விரலை நீட்டும்.